இரண்டு மில்லிமீட்டர் கழிவு

என் கீழுதட்டின் இடப்பாதியும், அதற்குக் கீழே முகவாயின் இடப்பக்கமும் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக என்னுடையவை அல்ல. அவை என் முகத்தில்தான் இருக்கின்றன. அங்கே சவரம் செய்துகொள்கிறேன். பனிக்காலத்தில் பிறருக்கு வெடிப்பது போலவே அந்த உதடும் வெடிக்கிறது. ஆயினும் அங்கே தொட்டால், தொட்டது விரலுக்குத் தெரிகிறதே தவிர உதட்டுக்குத் தெரிவதில்லை. இது எவ்வாறு நேர்ந்தது என்பதற்கு, மேல்மலையில் உள்ள எங்கள் ஊரான பூண்டியில் ஒரு கதை வழங்குகிறது. கொடைக்கானலில் வேறொரு கதை வழங்குகிறது. இரண்டிலும் நான் ஓர் ஓரத்தில்தான் வருகிறேன். நடந்ததை நடந்தபடி ஒருமுறையேனும் எழுதிவைக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதத் துணிந்தேன்.

நான் ஆறாம் வகுப்பைத் தாண்டியவன் அல்லன். பூண்டு வயலில் களையெடுத்தபடியே வானொலிச் சொற்பொழிவுகளைக் கேட்டும், கைக்குக் கிடைத்த நூல்களையெல்லாம் படித்தும், எழுதுந்தமிழையும் மேடைத்தமிழையும் நானாகவே கற்றுக்கொண்டேன். அந்தத் தமிழ் எனக்கு ஒரு மதிப்பைத் தேடித் தந்தது. மேல்மலை ஊர்களில் திருமணம் என்றால் மணமக்களை வாழ்த்திப் பேச என்னை அழைப்பார்கள். காய்கறி விவசாயிகளின் கூட்டத்துக்கு அதிகாரிகள் வந்தால் வரவேற்புரை என்னுடையது. 'பேச்சுக்காரர் வீடு எது' என்று கேட்டால் பூண்டியில் எவரும் என் வீட்டைக் காட்டுவார்கள். எனக்கிருந்த அடுக்கு வயல்களைக் காட்டிலும் அந்தப் பெயரையே என் உடைமையாகக் கருதினேன் என்றால் அது மிகையன்று.

கீழ்த்தாடையில் இடப்பக்கக் கடைவாய்ப் பல் ஒன்றை எடுக்க நேர்ந்தபின், கழற்றி மாட்டும் பல் ஒன்றை வைத்திருந்தேன். அது நாளடைவில் தளர்ந்துவிட்டது. ஒருமுறை பக்கத்து ஊரான கவுஞ்சியில் ஒரு மணவிழாவில் பேசிக்கொண்டிருக்கையில் அது நழுவி நாவின்மேல் விழுந்தது. நாவால் அதைத் தாங்கியபடியே உரையை ஒருவாறு நிறைவு செய்து இறங்கினேன். முன்வரிசையில் அமர்ந்திருந்த என் தம்பி அதைக் கவனித்திருந்தான்.

தம்பியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். என்னைவிட எட்டு வயது இளையவன். தன் வயல் பூண்டோடு ஊரார் பூண்டையும் சேர்த்துக் கீழ்நாட்டுச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுத் தருபவன். சந்தையில் எடை போட்டபின் வியாபாரி மூட்டைக்கு இவ்வளவு என்று கழித்துக்கொள்வார். மண் ஒட்டியிருக்கிறது என்பார். தாள் நீளமாக இருக்கிறது என்பார். ஈரம் வற்றவில்லை என்பார். அதற்குக் கழிவு என்று பெயர். மண்ணும் ஈரமும் அறவே இல்லாத பூண்டுக்கும் கழிவு உண்டு. மேல்மலைக்காரன் பிறந்தது முதல் சாவது வரை கழிவு கொடுத்தே தேய்கிறான் என்பது எங்கள் ஊரில் எல்லோருடைய எண்ணமும். என் தம்பியின் திறமை முழுவதும் அந்தக் கழிவைப் பேசிக் குறைப்பதில் இருந்தது. ஊரார் தங்கள் மூட்டைகளை அவனிடம் ஒப்படைத்ததும் அதனால்தான்.

கவுஞ்சியில் பல் நழுவிய மறுநாள் அவன் என் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணே, வர்ற தையில எம் பாப்பாவுக்குக் கல்யாணம். நீங்கதான் பேசணும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பழனிக்காரங்க. அவுக முன்னாடி பல்லு கழண்டு விழுந்துச்சுன்னா எனக்குத்தான அசிங்கம். கொடைக்கானல்ல ஒரு டாக்டரு புதுசா மிஷின் போட்ருக்காராம். எலும்புலயே ஆணிய எறக்கிப் பல்லு வச்சிருவாராம். ஆடவே ஆடாதாம்."

என் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"எழுவது வயசுக்கு மேல எலும்புல எதுக்கு ஆணி? ரெண்டு வார்த்த பேசுறதுக்கு அந்தப் பல்லக் கழட்டிப் பையில வச்சுக்கிட்டுப் பேசுனா ஆவாதா?"

"மதினி, அண்ணன் பேச்சுல நீங்க தலையிடாதீங்க."

"பேச்சுல எங்க தலையிட்டேன். பல்லுலதான தலையிட்டேன்."

"சரி சரி. நாளைக்கு வெள்ளனே கெளம்புங்கண்ணே. மொத பஸ்ஸ விட்டுட்டா பொழுதோட திரும்ப முடியாது."

தம்பிக்கு என்மேல் இருந்த அன்பில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் ஐயமில்லை. இதில் கசப்பான செய்தி அதுதான்.

கொடைக்கானல் மருத்துவர் இளைஞர், பணிவானவர். தம் புதிய இயந்திரத்தின்மேல் அவருக்கு இருந்த பெருமை, புதுமணமகன் தன் வீட்டைக் காட்டுவது போன்ற பெருமை. ஒரு சிறிய அறையில் என்னை நிற்க வைத்து, முகவாயை ஒரு தாங்கியில் பொருத்தி, முன்பற்களால் ஒரு நெகிழிக் குச்சியைக் கடித்துக்கொள்ளச் சொன்னார்கள். இரு பக்கமும் தலையைத் தாங்கும் தண்டுகள் வந்து ஒட்டிக்கொண்டன. அசையக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். இயந்திரத்தின் கை ஒன்று மெல்லிய ஓசையோடு என் தலையை ஒருமுறை சுற்றி வந்தது. அவ்வளவுதான். வலி இல்லை, மருந்து நெடியும் இல்லை.

அதன்பின் நாற்காலியில் சாய்த்து, பல் வரிசையின் அச்சு எடுப்பதற்காகப் பசை நிரப்பிய ஒரு தட்டை என் வாயில் வைத்து அழுத்தினார் மருத்துவர். பசை இறுகும் வரை வாயைத் திறக்கக் கூடாது என்றார். அந்த நேரத்தில் தம்பியை அருகே அழைத்து, கணினித் திரையில் என் தாடையைக் காட்டலானார். நான் சாய்ந்திருந்த இடத்திலிருந்து எனக்கும் அது தெரிந்தது.

"இதான் சார் உங்க அண்ணனோட கீழ்த்தாடை. கேக் வெட்டுற மாதிரி எங்க வேணும்னாலும் வெட்டிப் பாக்கலாம். ஆரஞ்சு கலர்ல போகுது பாருங்க, இது நரம்பு போற குழாய். கீழுதட்டுக்கும் தாடைக்கும் ஃபீலிங் குடுக்கறது இந்த நரம்புதான். இப்ப எலும்போட மேல்விளிம்புலருந்து இந்தக் குழாய் வரைக்கும் அளந்தா..." அவர் திரையில் ஒரு கோடு இழுத்தார். கோட்டின் முனையில் ஓர் எண் தோன்றியது. "பன்னெண்டு புள்ளி மூணு மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு வரைக்கும் காட்டும் சார். பழைய எக்ஸ்ரேயில இந்த அக்யூரசியே கெடையாது."

"அப்ப பன்னெண்டு மில்லி ஆணி எறக்கலாங்களா?"

"இல்ல சார். சேஃப்டிக்கு ரெண்டு மில்லிமீட்டர் விட்ருவோம். பத்து போடறேன்."

தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். சந்தையில் வியாபாரி மூட்டையில் கைவைக்கும்போது அவன் அப்படித்தான் நிமிர்வான்.

"ரெண்டு எதுக்குங்க கழிக்கிறீங்க?"

"கழிக்கல சார். அது சேஃப்டி மார்ஜின்."

"பேரு என்னவா வேணா இருக்கட்டுங்க. மிஷின் பன்னெண்டுக்கு மேல சொல்லுது, நீங்க பத்துங்குறீங்க. மிஷின் கரெக்டா காட்டுதா, இல்லையா?"

"கரெக்டாதான் சார் காட்டுது."

"கரெக்டுன்னா கழிவு எதுக்கு? கழிவு வேணும்னா மிஷின் கரெக்டு இல்லைன்னுதான அர்த்தம். ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க."

மருத்துவர் சிரித்தார். "அப்படி இல்ல சார். எந்த ஸ்கேனா இருந்தாலும் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்."

"இப்பத்தான பத்துல ஒரு பங்குன்னீங்க?"

அவருடைய சிரிப்பு அதே இடத்தில் நின்றது. தம் வாயாலேயே சொன்ன பெருமையைத் தாமே திரும்ப எடுத்துக்கொள்வது எவருக்கும் கடினம். அந்த வயதில் இன்னும் கடினம். தம்பி விடவில்லை.

"நாங்க பீன்ஸுக்குக் குச்சி ஊனுறவங்க. ஆழமா எறங்குன குச்சிதான் காத்துக்கு நிக்கும். எங்க அண்ணன் சும்மா சோத்த மென்னு முழுங்குற ஆளு இல்லைங்க, மேடையில பேசுற ஆளு. பல்லு இம்மி ஆடக் கூடாது. ஒங்க மிஷின நம்பித்தான அந்தக் கடைக்கோடியிலருந்து வந்துருக்கோம். நீங்களே நம்பலைன்னா எப்படி?"

மருத்துவர் திரையை நெடுநேரம் பார்த்தார். படத்தை முன்னும் பின்னும் நகர்த்தினார். மீண்டும் ஒரு கோடு இழுத்தார். இம்முறை பன்னிரண்டு புள்ளி நான்கு என்று காட்டியது. அதே கை, அதே இடம், அதே தாடை. எண் மட்டும் வேறு. அந்தச் சிறு வேற்றுமை அவரைத் தடுத்து நிறுத்தியிருக்க வேண்டும். அது தம்பிக்குச் சாட்சியாயிற்று.

"பாத்தீங்களா, கூடத்தான் காட்டுது."

"பதினொண்ணரை சைஸ் இருக்கு. அப்பவும் கிட்டத்தட்ட ஒரு மில்லி மிச்சம் இருக்கும்." அவர் தமக்குத்தாமே தலையசைத்துக்கொண்டார். "ஓகே சார். அதையே போட்ருவோம்."

என் வாயில் பசை இறுகிக்கொண்டிருந்தது. வாய் திறந்திருந்தால் நான் தடுத்திருப்பேன் என்று இங்கே எழுதினால் அது பொய்யாகும். தம்பியின் வாதத்தில் பிழை இருப்பதாக எனக்கும் அப்போது தோன்றவில்லை. ஊருக்குத் திரும்பும் பேருந்தில் அவன் மனநிறைவோடு சொன்னான்: "விடாமப் பேசுனா படிச்சவங்களும் எறங்கித்தாண்ணே வர்றாங்க."

ஆவணி மாதத்தில் ஒரு காலை நேரத்தில் ஆணியை இறக்கினார்கள். தாடை மரத்துப்போக ஊசி போட்டிருந்தும், துளையிடும்போது ஒரு கணம் கீழுதட்டில் மின்சாரம் பாய்ந்தாற்போல் ஓர் அதிர்ச்சி ஓடிற்று. கையை உயர்த்தினேன். "கொஞ்சம் பொறுத்துக்கங்க சார், முடிஞ்சிருச்சு" என்றார் மருத்துவர். அவர் சொன்னபடியே உடனே முடிந்துவிட்டது.

மாலைக்குள் மரப்பு தெளியும் என்றார்கள். மாலையில் கஞ்சி குடிக்கையில் அது முகவாய் வழியாக வழிந்து சட்டையில் சொட்டியதை மனைவி சொல்லித்தான் அறிந்தேன். மறுநாளும் அப்படியே இருந்தது. மருத்துவருக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவர் குரல் மாறிற்று. உடனே வரச் சொன்னார். மீண்டும் படம் எடுத்தார். ஆணியின் உலோகம் படத்தில் வெள்ளையாய்ச் சுடர்விட்டு, அதைச் சுற்றியிருந்த எதையும் தெளிவாகக் காட்ட மறுத்தது. ஆணியைத் திருகி வெளியே எடுத்தார். மாத்திரைகள் கொடுத்தார். பொறுத்திருந்து பார்ப்போம் என்றார். பிறகு, என் முகத்தைப் பாராமல், "ஸ்கேன் எடுக்கும்போது லேசா அசஞ்சிருப்பீங்க சார். அசஞ்சா மெஷர்மென்ட் மாறிடும்" என்றார்.

குச்சியைக் கடித்துக்கொண்டு நின்ற அந்தச் சில நொடிகளில் எச்சிலை விழுங்கினேனா இல்லையா என்பதை நான் எவ்வாறு அறிவேன்? அன்று முதல் அதையே எண்ணிக்கொண்டிருக்கிறேன். விழுங்கியதாகச் சில நாள் தோன்றும். இல்லையென்று சில நாள் தோன்றும்.

தம்பி ஊருக்குள் சொன்னது வேறு. "மிஷின் தப்பா அளந்துருச்சு" என்றான். சந்தைக்குப் போகும் வழியில் இருக்கும் ஊர்களில் எல்லாம் அதையே சொன்னான். தராசு பொய் சொன்ன கதை எங்கள் மக்களுக்குப் புரியும். ஆகவே எல்லோரும் அதை நம்பினார்கள். கழிவு பேசியதைப் பற்றி அவன் எவரிடமும் மூச்சு விடவில்லை.

தேநீர்க் கடைக்குப் போவதை நாளடைவில் நிறுத்திக்கொண்டேன். சூடு உதட்டுக்குத் தெரியாததால் இருமுறை சுட்டுக்கொண்டேன் என்பது ஒரு காரணம். "என்னங்க பேச்சுக்காரரே, டீய நீங்க குடிக்கிறீங்களா, சட்டை குடிக்குதா?" என்று கடையில் ஒருவர் கேட்டதும், அங்கிருந்தவர்கள் சிரித்ததும் மற்றொரு காரணம். அதில் வன்மம் ஒன்றும் இல்லை. வேறொருவருக்கு நேர்ந்திருந்தால் நானும் சிரித்திருக்கக் கூடும்.

பேச்சு அதைவிடத் துன்பம் தந்தது. உதடுகள் ஒட்டிப் பிரியும் எழுத்துகள் இருக்கின்றனவே, அவை எனக்குச் சரியாக ஒலிக்கின்றனவா என்று எனக்கே தெரியவில்லை. ஒட்டியதா, எப்போது ஒட்டியது, எங்கே பிரிந்தது என்று ஒரு பாதி உதடு எனக்குச் சொல்வதில்லை. வயலில் தனியே நின்று உரக்கப் பேசிப் பார்த்தேன். தைத் திருமண வாழ்த்துரையை எழுதுகையில் அத்தகைய சொற்களை விலக்கி எழுத முயன்றேன். மணமக்கள் என்ற சொல்லை விலக்கி ஒரு மணவாழ்த்தை எழுத எந்தப் புலவராலும் ஆகாது. அந்தத் தாள்களைக் கிழித்துவிட்டு முன்போலவே எழுதினேன்.

மார்கழியில் மதுரைக்குப் போனோம். அங்கே ஒரு பெண் மருத்துவர்; நரை கண்டவர்; இத்தகைய இடர்களையே பார்ப்பவர் என்று சொல்லியிருந்தார்கள். தம்பிதான் விசாரித்து அழைத்துச் சென்றான். அவர் என்னைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நூலாலும் ஊசி முனையாலும் முகவாயெங்கும் தொட்டுக்கொண்டே வந்தார். தெரிகிறது, தெரியவில்லை என்று நான் சொல்லச் சொல்ல, அந்த எல்லையை ஒரு பேனாவால் என் தோலின் மேலேயே வரைந்தார். வரைந்ததைப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு, கொடைக்கானலில் முதலில் எடுத்த படத்தைத் திரையில் திறந்தார்.

"அப்ப மிஷின் தப்புதானங்கம்மா?" என்றான் தம்பி.

"எங்கன்னு பாப்போம்" என்றார் அவர். கோடு இழுத்தார். பன்னிரண்டு புள்ளி மூன்று. பிறகு அதே இடத்தில் கோட்டின் கீழ்முனையை மட்டும் சற்று மேலே வைத்தார். பதினொன்று புள்ளி இரண்டு.

"ரெண்டுமே பொய் இல்லைங்கய்யா" என்றார் என்னைப் பார்த்து. "பக்கத்துப் பல்லுல உங்களுக்குப் பழைய உலோக உறை ஒண்ணு இருக்கு. படத்துல அதோட வெள்ளைக் கீற்று எலும்பு மேல விழுந்திருக்கு. நரம்புக் குழாயோட மேல்விளிம்பு இந்த எடத்துல தெளிவா இல்ல. இங்கயும் வைக்கலாம், இங்கயும் வைக்கலாம். படமே சின்னச் சின்னக் கட்டங்களால ஆனது. ஒரு கட்டத்துக்குள்ள என்ன இருக்குன்னு அதுக்கே தெரியாது. ஆனா கம்ப்யூட்டர்கிட்ட கேட்டா புள்ளிக்குப் பின்னாடி ஒரு நம்பரத் தயங்காம போட்டுக் குடுக்கும். அப்புறம், துளை போடுற கருவியோட நுனி, ஆணியோட நீளத்தவிடக் கொஞ்சம் கூடவே எறங்கும். நோயாளி லேசா அசஞ்சிருக்கலாம். இது அத்தனைக்கும் சேத்துத்தான் ரெண்டு மில்லிமீட்டர் விடறது."

"அப்பன்னா மிஷின்..."

"மிஷின் எப்பவும் எவ்வளவு சரியா இருக்குமோ அவ்வளவு சரியாத்தாங்க இருந்திருக்கு. பத்து போட்டிருந்தா இது நடந்திருக்காது. ரெண்ட ஏன் விடாமப் போனாங்கன்னுதான் எனக்குப் புரியல."

தம்பி மேசையின்மேல் இருந்த பற்களின் மாதிரி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். உணர்வு இனித் திரும்புமா என்று மட்டும் கேட்டேன். சிலருக்குத் திரும்பும் என்றார். இத்தனை மாதத்தில் சிறிதும் திரும்பாதது முழுவதும் திரும்பும் என்று தம்மால் சொல்ல இயலாது என்றார். பொய் சொல்லாததற்காக அவருக்கு நன்றி கூறினேன்.

வத்தலக்குண்டில் பேருந்து மாறக் காத்திருந்தபோது தம்பியிடம் அதைக் கேட்டேன். அதுவரை ஒருமுறையும் கேட்டதில்லை.

"அன்னைக்கு நீ கழிவு பேசுனியே."

அவன் உடனே மறுமொழி சொன்னான். பல நாளாக அதை வாயில் வைத்துக்கொண்டிருந்தவன் போலச் சொன்னான்.

"நான் பேசுனேன். பேசுறது என் சோலி. குடுக்க முடியாதுன்னு சொல்றது அவரு சோலி. சந்தையில எந்த யாவாரியாவது நான் கேட்டேங்கிறதுக்காக நட்டத்துக்குக் கழிவ விட்டுக் குடுப்பானா? படிச்ச மனுசன், எதுக்கு ஒத்துக்கிட்டாரு?"

அது நியாயமான கேள்வி என்பதே என் துன்பம்.

"ஏண்ணே, வருத்தமா?"

"இல்லை."

"வருத்தப்படாதீங்க. தைக்குள்ள சரியாப் போயிரும். அந்தம்மா சும்மா பயங்காட்டுது."

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி என் முகவாயைப் பார்த்து, "என்னங்க இது, மையால கோடு போட்டுருக்கு?" என்றாள். மருத்துவர் வரைந்த எல்லை அழியாமல் அப்படியே இருந்திருக்கிறது. மதுரையிலிருந்து பூண்டி வரை, மூன்று பேருந்துகளில், அத்தனை பேர் முன்னிலையில் அந்தக் கோட்டோடு வந்திருக்கிறேன். என் அருகிலேயே அமர்ந்து வந்த தம்பி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

திருமணம் பழனியில், மாப்பிள்ளை வீட்டார் பார்த்த மண்டபத்தில் நடந்தது. மேல்மலையிலிருந்து வேன்களில் இறங்கிய எங்கள் மக்கள் கம்பளிகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கீழ்நாட்டு வெக்கையில் முகம் துடைத்தபடி பின்வரிசைகளை நிறைத்திருந்தார்கள். முன்வரிசைகளில் பழனிக்காரர்கள். மேடையின் ஒரு பக்கத்தில் சுவரளவு அகலமான திரை ஒன்றை நிறுத்தியிருந்தார்கள்; மேடையில் நடப்பதையெல்லாம் அது பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தது.

தாலி கட்டி முடிந்ததும் என்னை அழைத்தார்கள். மணமகள் என் தம்பி மகள். நான் தூக்கி வளர்த்தவள். மாலையும் கழுத்துமாய் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். தாள்களைப் பிரித்தேன். அவையோரே என்று தொடங்கி முதற்பகுதியைச் சொன்னேன். ஒலிபெருக்கியில் என் குரல் எனக்கே பழைய குரலாகக் கேட்டது. கடவுளே, இது போதும் என்று எண்ணினேன். இல்லறம் என்பது யாது என்னும் இரண்டாம் பகுதிக்கு வந்தேன். ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவே, பழக்கம் காரணமாக, அவையின் வலப்பக்கம் முகத்தைத் திருப்பினேன். அங்கே அந்தத் திரை இருந்தது.

ஆள் உயரத்துக்குப் பெருத்த என் முகம் அதில் தெரிந்தது. கீழுதட்டின் இடமுனையிலிருந்து எச்சில் ஒரு நூல் போல இறங்கி, முகவாயைக் கடந்து, கழுத்தருகே விளக்கொளியில் மின்னிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக அது அங்கே இருந்தது என்று நான் அறியேன். மண்டபத்தில் இருந்த எல்லோரும் அறிந்திருந்தார்கள்.

வாக்கியத்தின் பிற்பாதி என் கையில் இருந்த தாளில் இருந்தது. அதை நான் படிக்கவில்லை. "நல்லபடியாக இருங்கள்" என்று மட்டும் மணமக்களைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தேன். எது ஈரம், எது துடைத்த இடம் என்று தெரியாததால் இருபுறமும் துடைத்தேன்.

தம்பி எழுந்து வந்து ஒலிவாங்கியைத் தன் கையில் வாங்கிக்கொண்டான். அவன் குரல் தழுதழுத்தது, அது நடிப்பன்று.

"எங்கண்ணனுக்கு டாக்டரு மிஷின் தப்பா அளந்து வாயே இப்படியாப் போச்சுங்க. அப்படியும் எம்மகளுக்காக வந்து பேசிருக்காரு. எல்லாரும் ஒரு தடவ கை தட்டுங்க."

கை தட்டினார்கள். என் வாழ்நாளில் நான் பேசிய எந்த மேடையிலும் அவ்வளவு நீண்ட கைதட்டலைக் கேட்டதில்லை. முன்வரிசைப் பழனிக்காரர்களும் தட்டினார்கள். மிஷின் தப்பாக அளக்கவில்லை என்று சொல்ல எனக்கு அந்தக் கணத்தில் ஒரு வேகம் எழுந்தது. சொல்வதற்கோ, ஒலிவாங்கி அவன் கையில் இருந்தது. மேடையில் என் மகளைப் போன்றவள் தாலியோடு நின்றாள். இறங்கி வந்து என் இருக்கையில் அமர்ந்தேன்.

பந்திக்கு எல்லோரும் எழுந்தபோது நான் எழவில்லை. பிறர் முன்னிலையில் உண்பதை அதற்குள் விட்டிருந்தேன். கவுஞ்சியைச் சேர்ந்த ஒரு பெரியவர் என்னைத் தேடி வந்து பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார். என் பல் நழுவிய அந்த மணவிழா இவருடைய மூத்த மகனுக்கு நடந்ததுதான்.

"ரொம்ப நல்லாருந்துச்சுங்க இன்னைக்கு" என்றார்.

கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை.

"கோவிச்சுக்கக் கூடாது. முன்னாடியெல்லாம் நீங்க மைக்கப் பிடிச்சீங்கன்னா எங்க ஆளுக பந்திக்கு எடம் போடப் போயிருவாங்க. எங்க பய கல்யாணத்துல பாதிப் பேரு எந்திரிச்சுட்டான். நீங்க பாக்கல. மொகத்துக்கு நேரா யாரு சொல்றது, பெரிய மனுசன். இன்னைக்குப் பாத்தீங்கன்னா ஒருத்தன் அசையல. சுருக்கமா, நறுக்குன்னு, கண்ணுல தண்ணி வந்துருச்சு."

நான் தலையசைத்தேன்.

"வைகாசியில சின்னவனுக்கு வச்சிருக்கோம். நீங்கதான் வந்து பேசணும். இதே மாதிரி ரெண்டே வார்த்த. ஒங்க தம்பி சொன்னாருல்ல, அதையும் அவரவிட்டே ஒருக்காச் சொல்லச் சொல்லுங்க. சனங்களுக்கு அது பிடிச்சிருக்கு."

எதிரே, பந்திக் கூடத்தின் வாயிலில், தம்பி ஒவ்வொருவராய்க் கையைப் பிடித்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தான். அவன் முகம் மலர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும், வெரசா வாங்க, இலை போட்டாச்சு என்று சைகை செய்தான்.

முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று கவுஞ்சிக்காரரிடம் கேட்டேன். ஒன்பதுக்குள் என்றார். வருவதாகச் சொன்னேன்.